பாரியா: நம் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் பிரெஞ்சு

எனக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த வாத்தியார் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று ஒரு பேச்சு. சேரியிலிருந்து போன நாங்கள் நாலைந்து பேரும் அதை நம்பித்தான் எடுத்தோம். ஒருநாள் பாடத்தில் 'பாரியா' என்று ஒரு சொல் வந்தது. வாத்தியார் அர்த்தம் சொன்னார்: "சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவன்." அதோடு விட்டிருக்கலாம். "இது நம்ம ஊர்லேருந்து போன வார்த்தைதான்" என்று சிரித்தார். வகுப்பு சிரித்தது. எந்த ஊரிலிருந்து, எந்தத் தெருவிலிருந்து என்று ஒரு பயலும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. முன்பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெரு சொல்தா தாத்தாவிடம் இதைச் சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்றுதான் சொல்வோம். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பட்டாளத்துல என்னிய 'தூ'ன்னு கூப்ட்டான். பென்சன் வாங்கப் போனா 'முசியே, வூ'ங்கறான். ஊருக்குள்ள டீக்கடைக்காரன் இன்னும் 'டேய் கெழவா'ங்கறான். நீ வார்த்தைக்கு அர்த்தம் கேக்கற. எவன் வாயிலேருந்து வருதுன்னு பாருடா."

இந்தக் கட்டுரை அந்தக் கிழவர் சொன்னதைத்தான் செய்யப் பார்க்கிறது. பிரெஞ்சு மொழி மனிதர்களுக்கு ஒட்டுகிற சீட்டுகளை, கூப்பிடுகிற முறைகளை, ஒரு பறையன் உட்கார்ந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் விஷயம்.

1

'பாரியா' பறையர் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது பிரெஞ்சு இலக்கியத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம். 1791 வாக்கில் பெர்னார்தன் து சேன்-பியேர் 'இந்தியக் குடிசை' என்ற கதையை வெளியிடுகிறார். உண்மையைத் தேடி ஓர் ஆங்கிலேய அறிஞர் இந்தியா வருகிறார். பூரி ஜெகந்நாதர் கோவில் பெரிய பார்ப்பனரைப் பார்க்கிறார், ஏமாந்து போகிறார். திரும்பும் வழியில் புயல் அடிக்கிறது. கூட வந்தவர்கள் நுழைய மறுக்கும் ஒரு பாரியாவின் குடிசையில் ஒதுங்குகிறார். பார்ப்பனரிடம் கிடைக்காத ஞானம் அங்கே கிடைக்கிறது. அந்தப் பாரியாவின் மனைவி ஒரு பார்ப்பன விதவை.

வாசிக்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பார்ப்பனரைவிடப் பறையன் அறிவாளி என்று இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒருவன் எழுதியிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் இருக்காது? இரண்டாம் முறை வாசித்தபோதுதான் உறுத்தியது. இந்தப் பாரியாவுக்குச் சேரி இல்லை. சொந்தபந்தம் இல்லை. ஆண்டை இல்லை, கூலி இல்லை, பறை இல்லை. காட்டுக்குள் ஒரு குடிசை, மனைவி, குழந்தை, இயற்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்குக் கோபம் இல்லை. ஊரே தன்னைத் துரத்தியதைப் பற்றி அவன் சாந்தமாகப் பேசுகிறான். கதை முழுக்க அவன் 'பாரியா'தான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் பிடித்த பறையன் இவன்தான்: ஞானமாகப் பேசுவான், எதையும் திருப்பிக் கேட்க மாட்டான்.

பெர்னார்தன் இந்தியாவுக்கு வந்ததில்லை. மொரீஷியஸில் இருந்திருக்கிறார். அங்கே அடிமைகளை நடத்திய கொடுமையைக் கண்டு எழுதியவர், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதே தீவுகளுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களை அடிமைகளாக ஏற்றிப் போனது பிரெஞ்சு வணிகம். கதையில் ஞானியாக வந்தவன் கப்பலில் சரக்காகவும் போயிருக்கிறான்.

அடுத்து நாடகம். 1821 டிசம்பரில் பாரிசின் ஓதெயோன் அரங்கில் கசிமிர் தெலவீஞ் எழுதிய 'பாரியா' மேடையேறுகிறது. காசியில் நடக்கிற ஐந்து அங்கத் துன்பியல். இதமோர் தன் பிறப்பை மறைத்துப் படைத்தலைவனாக உயர்ந்தவன். தலைமைப் பூசாரியின் மகள் நெயலாவைக் காதலிக்கிறான். தகப்பன் தேடி வருகிறார், ரகசியம் உடைகிறது, கொல்லப்படுகிறான். இதமோர், நெயலா, அக்கெபார், சரேஸ் என்று பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கள். காசியிலும் இல்லை, கடலூரிலும் இல்லை. அவை இந்தப் பூமியில் எந்தத் தெருவிலும் இல்லாத பெயர்கள். பாரிஸ் பார்வையாளனுக்கு அது நாடகம். அங்கே மன்னராட்சி திரும்பி வந்திருந்த காலம், பிரபுக்களும் பாதிரிகளும் மறுபடி தலைதூக்கிய காலம். பார்ப்பனப் பூசாரியை மேடையில் நிறுத்தி, அவர்கள் தங்கள் பாதிரியைத் திட்டிக்கொண்டார்கள். நாம் அங்கே ஒரு வேஷம்.

ஆனால் கதை மட்டும் பொய் இல்லை. பிறப்பை மறைத்து வாழ்கிறவனின் தொண்டையில் எப்போதும் ஒரு முள் இருக்கும் என்பது நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய எந்தத் தலித்துக்கும் தெரியும். சாதி தாண்டிக் காதலித்தவனை வெட்டிச் சாய்ப்பதைப் பார்க்க நாம் ஓதெயோன் அரங்குக்குப் போக வேண்டாம். 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் பட்டப்பகலில் அது நடந்தது. தெலவீஞ்சின் ரசிகர்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தத் திரை இன்னும் விழவில்லை.

2

பிறகு அந்தச் சொல் நம்மைவிட்டே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. 1838இல் ஃப்ளோரா த்ரிஸ்தான் தன் பெரு நாட்டுப் பயணத்தை எழுதி, 'ஒரு பாரியாவின் அலைச்சல்கள்' என்ற பொருளில் தலைப்பு வைக்கிறார். தாய் தகப்பன் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்பதால் சொத்து மறுக்கப்பட்டவர். கொடுமைக்காரக் கணவனைவிட்டு ஓடியவர். 1816இல் பிரான்சில் விவாகரத்தை எடுத்துவிட்டதால் சட்டப்படி பிரியவும் வழியில்லாதவர். அவர் தன்னைப் 'பாரியா' என்று சொல்லிக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்னால் யூதரான பெர்னார் லசார் தன் மக்களைப் பாரியா என்றார். ஹன்னா ஆரெண்ட் அதை எடுத்து, தான் ஒதுக்கப்பட்டவன் என்பதை உணர்ந்து எதிர்த்து நிற்கிற பாரியா என்று வளர்த்தார்.

இவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் பெயருக்குள் தங்கள் வலிக்கு இடம் இருக்கிறது என்று கண்டவர்கள் இவர்கள். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. பெண் பாரியா, யூதன் பாரியா, இன்றைய பத்திரிகைகளில் பிற நாடுகள் ஒதுக்கி வைத்த அரசாங்கம்கூடப் பாரியா. எல்லாருக்கும் உவமையாகப் போன ஒரு சொல், உவமை அல்லாத மனிதர்களை மறைத்துவிட்டது. குண்டு போடுகிற ஒரு சர்வாதிகாரிக்கும் என் அப்பாவுக்கும் பிரெஞ்சில் ஒரே பெயர். இதைப் பிரெஞ்சு நண்பர் ஒருவரிடம் சொன்னபோது அவர் திடுக்கிட்டார். "அது ஒரு மக்களின் பெயர் என்றே எனக்குத் தோன்றியதில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை.

3

இனி இந்தக் கதையின் இன்னொரு பக்கம். அதை நம் வாத்தியார்கள் யாரும் சொல்லித் தரவில்லை.

1922 ஏப்ரல் 1ஆம் தேதி பாரிசில் ஒரு பத்திரிகை வருகிறது. பெயர் 'லெ பாரியா'. நடத்தியது காலனி நாடுகளிலிருந்து வந்தவர்களின் சங்கம். வியட்நாம், அல்ஜீரியா, மர்த்தினிக், மடகாஸ்கர் ஆட்கள். அதன் ஆசிரியராக இருந்து ஓடியாடி வேலை செய்தவர் நுயென் அய் குவோக். பின்னாளில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிந்தது. 1926 வரை பத்திரிகை வந்தது. பிரெஞ்சுக்காரன் அனுதாபமாகவோ அலட்சியமாகவோ சொன்ன சொல்லை, அவன் காலடியில் இருந்தவர்கள் தலைப்பாகக் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் தோழர்களே, அதற்கு 29 வருஷத்துக்கு முன்பே, 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பத்திரிகை தொடங்கிவிட்டார். ஊர் எதைச் சொல்லி இழிவு செய்ததோ அதையே முகப்பில் அச்சிட்டார். பெயரை மறைக்கிறவரை உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. அது எதிரி வைத்த பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், அந்த இழிபெயரை நாமே சுமப்பதா என்று கேட்டார். இரண்டு பேரும் நம்மவர்கள். இரண்டு கேள்வியும் நம்முடையது. பாரிசில் 'லெ பாரியா' தொடங்கிய அதே 1922இல்தான் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு பறையர், பஞ்சமர் என்பதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத ஒப்புக்கொண்டது. இங்கே நாம் அந்தச் சொல்லை அரசாங்கக் காகிதத்திலிருந்து கழற்றிக்கொண்டிருந்தோம். அங்கே அவர்கள் அதை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியவில்லை.

'லெ பாரியா'வில் எழுதியவர்களில் ஒருவர் லாமின் செங்கோர். செனகல்காரர், முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டு விஷவாயுவில் நுரையீரல் கெட்டவர். 1927 ஜனவரியில் 'நீக்ரோக்களின் குரல்' என்ற பொருளில் பத்திரிகை தொடங்கி, 'நேக்ர்' என்ற சொல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பிரெஞ்சில் அது வெறும் நிறப்பெயர் இல்லை. அடிமை என்ற வாடை அடிக்கிற சொல். அடுத்தவன் பெயரில் புத்தகம் எழுதிக் கொடுக்கிற கூலி எழுத்தாளனுக்கும் பிரெஞ்சில் அதே பெயர். அதற்கு வேறு சொல் பயன்படுத்துங்கள் என்று பிரெஞ்சுக் கலாச்சார அமைச்சகம் சொன்னது 2017இல்தான். அந்தக் காலத்தில் படித்த கறுப்பர்கள் தங்களை 'நிறமுள்ளவர்' என்றோ 'நுவார்' என்றோ சொல்லிக்கொண்டார்கள். 'நேக்ர்' என்பது கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் சுமை தூக்குகிறவனுக்கு. லாமின் செங்கோர் சொன்னதன் சாரம் இது: இந்த மூன்று பெயரும் நம்மைப் பிரித்து ஆள வைத்த பெயர்கள், கீழே கிடக்கிற பெயரையே எல்லாரும் எடுத்துக்கொள்வோம். அந்த வருஷமே நவம்பரில் காசநோயில் செத்துப்போனார். எமே செசேர், லெயோபோல் செங்கோர், தமா ஆகியோர் 1930களில் 'நெக்ரித்யூத்' என்று பேசியதற்கு முன்னால், ஒரு தோற்றுப்போன சிப்பாய் அந்த வேலையைத் தொடங்கிவைத்தார்.

ஹரிஜன் என்ற பெயரைக் காந்தி கொடுத்தபோது நாம் ஏன் கசந்தோம்? அரசாங்கம் எஸ்.சி. என்று எழுதும்போது நாம் ஏன் அதைச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கிறோம்? தலித் என்று ஏன் சொல்லிக்கொண்டோம்? தலித் என்று சொல்லியும் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள்ளேயே மேடு பள்ளம் ஏன் ஆறவில்லை? லாமின் செங்கோரை வாசிக்கிறவனுக்கு இந்தக் கேள்வி எல்லாம் பாரிசிலும் கேட்கப்பட்டது என்று தெரியும். அந்த மூன்று பெயர் விவகாரத்தில் சுமை தூக்குகிறவனின் பெயரை மேலே எடுத்தார்கள். நாம் துப்புரவு செய்கிறவனின் பெயரை மேலே எடுத்தோமா?

4

இப்போது கூப்பிடுகிற முறை. 'முசியே' என்றால் 'என் பிரபுவே' என்ற பழைய பொருள் அதற்குள் கிடக்கிறது. 'மதாம்' என்றால் 'என் சீமாட்டியே'. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு முழுக்க 'முசே' என்று வருவது துரைமார்களைத்தான். 1789க்குப் பிறகு புரட்சிக்காரர்கள் இந்த ஆண்டைப் பட்டங்களை ஒழித்து எல்லாரும் 'சித்துவாயேன்', அதாவது குடிமகன் என்றார்கள். 1793 அக்டோபர் 31ஆம் தேதி ஒரு மனு அவர்கள் சபைக்கு வருகிறது: 'வூ' என்ற மரியாதைப் பன்மை ஆண்டான் அடிமைக் காலத்து எச்சம், இனி எல்லாரும் எல்லாரையும் 'தூ' என்றே, ஒருமையிலேயே கூப்பிட வேண்டும். கட்டாயச் சட்டமாக அது ஆகவில்லை. ஆனால் வழக்கமாகப் பரவியது. சில வருஷத்தில் புரட்சியோடு சேர்ந்து தேய்ந்தும் போனது.

நம் முற்போக்குத் தோழர்கள் இதைச் சொல்லிச் சிலாகிப்பார்கள். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பிரபுவை 'நீ' என்று கூப்பிடுவது புரட்சிதான். ஆனால் பிறந்த நாள் முதல் 'நீ', 'டேய்', 'ஏலே' என்றே கூப்பிடப்பட்டவனுக்கு அதில் என்ன புதுசு? அவனுக்கு வேண்டியது 'நீங்க'. ஆண்டையின் ஆறு வயசுப் பிள்ளை என் ஆயாவை "ஏய், இங்க வாடி" என்று கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆயா "இதோ வந்துட்டேங்க சாமி" என்றாள். அங்கே போய், நாம் எல்லாரும் சமம், ஒருமையில் பேசிக்கொள்வோம் என்றால் ஆயா பழையபடியே இருப்பாள். பிள்ளைக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

இதை 1952இலேயே ஃபிரான்ஸ் ஃபனான் எழுதிவிட்டார். 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் அவர் காட்டுவது இதைத்தான்: வெள்ளை மருத்துவன் வெள்ளை நோயாளியிடம் மரியாதையாகப் பேசுவான். கறுப்பனோ அரபுக்காரனோ வந்தால் ஒருமைக்கு மாறி, குழந்தையிடம் பேசுவதுபோல் உடைந்த பிரெஞ்சில் பேசுவான். கெட்ட எண்ணம் இல்லாமலேயே பேசுவான். அந்த எண்ணமின்மைதான் அவமானம் என்கிறார் ஃபனான். மொழி ஒருவனை அவன் இடத்தில் உட்கார வைத்துக் கட்டிவிடுகிறது.

இது பழங்கதை இல்லை. தெருவில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும் போலீஸ் தங்களை 'தூ' என்கிறது என்று பிரான்சின் புறநகர்க் கறுப்பு, அரபு இளைஞர்கள் பல காலம் சொல்லிவந்தார்கள். 2014 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த போலீஸ் நடத்தை விதி, பொதுமக்களை 'வூ' என்றே கூப்பிட வேண்டும் என்று எழுதிவைத்தது. சமத்துவத்துக்காகப் புரட்சி ஒருமையைக் கேட்டது. அதே சமத்துவத்துக்காக இருநூற்றிச் சொச்சம் வருஷம் கழித்து விதிமுறை பன்மையைக் கேட்கிறது. மேலே இருந்து பார்க்கிறவனுக்கு இது முரண்பாடு. சொல்தா தாத்தாவுக்கு இதில் முரண்பாடே இல்லை.

5

ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அது குறிக்கிற கொடுமை போய்விடுமா? பிரெஞ்சுக் குடியரசு அப்படித்தான் நம்புகிறது. 1958 அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, பிறப்பு, இனம், மதம் பார்க்காமல் எல்லாரும் சமம் என்கிறது. 2018 ஜூலையில் அவர்களுடைய கீழ்ச்சபை அந்த 'இனம்' என்ற சொல்லையே நீக்க வாக்களித்தது. இனமே பொய், அதனால் சொல் வேண்டாம் என்பது வாதம். திருத்தம் முழுமை பெறவில்லை. மக்களை இனவாரியாக எண்ணவும் கூடாது, 2007இல் அவர்களுடைய அரசியல் சட்ட மன்றம் அதற்கு வேலி போட்டுவிட்டது. ஆக, வேலையில், வீட்டு வாடகையில் யார் தள்ளப்படுகிறார்கள் என்று நேராக எண்ணிக் காட்ட வழி குறைவு.

நமக்கு இந்தப் பாட்டு பழக்கம். "சாதி ஒழியணும்னா மொதல்ல சர்டிபிகேட்ல சாதிய எடுங்க" என்பார்கள். சொல்கிறவன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பாருங்கள். குடியரசு 'இனம்' என்று சொல்லாவிட்டால் தெரு வேறு பெயர் வைத்துக்கொள்கிறது. 1983இல் சமத்துவத்துக்காகவும் இனவெறிக்கு எதிராகவும் மர்செய்யிலிருந்து பாரிசுவரை இளைஞர்கள் நடந்தார்கள். பத்திரிகைகள் அதை 'பேர்'களின் நடை என்றன. 'அராப்' என்பதைத் திருப்பிப் போட்டுத் தெருப் பையன்கள் உண்டாக்கிய சொல் அது. பத்திரிகை எடுத்துக்கொண்டதும் பையன்கள் அதையும் திருப்பிப் போட்டு 'ரெபே' என்று வைத்துக்கொண்டார்கள். பெயரைப் பிடுங்கப் பிடுங்க அவர்கள் வேறு பெயர் செய்துகொள்கிறார்கள். இதுவும் ஒரு எழுத்துதான், அச்சில் ஏறாத எழுத்து.

கடைசியாக ஒரு படம். 2011இல் வந்த 'ஆந்துஷாபிள்'. தலைப்பின் பொருள் 'தீண்டத்தகாதவர்கள்'. பிரான்சில் மட்டும் சுமார் 1 கோடியே 90 லட்சம் டிக்கெட் விற்றது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த பணக்காரர், அவரைப் பார்த்துக்கொள்ள வரும் புறநகர்க் கறுப்பு இளைஞன். நிஜ வாழ்வில் அந்த உதவியாளர் அல்ஜீரியர், படத்தில் செனகல்காரர். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு, யாராலும் தொட முடியாத உயரத்தில் இருப்பவன் என்றும் பொருள். லஞ்சம் வாங்கித் தப்பிக்கிற மந்திரியையும் அப்படித்தான் சொல்வார்கள். தலைப்பு இரண்டையும் சேர்த்து விளையாடுகிறது. நான் பார்த்தபோது கவனித்தது வேறு. படம் முழுக்கத் தொடுகிற வேலைதான். தூக்குவது, குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது. முதலில் முரண்டு பிடிக்கிறான், பிறகு செய்கிறான். அந்த வேலை யார் கைக்கு வருகிறது என்பதைப் படம் ஒரு சிரிப்பில் கடந்துவிடுகிறது. நம்மால் கடக்க முடியவில்லை.

அதே கதை 2016இல் தமிழில் வந்தது. தலைப்பு 'தோழா'. 'தீண்டத்தகாதவர்கள்' என்று பாரிசில் சுவரொட்டி ஒட்டலாம். அந்தச் சொல் பிறந்த மண்ணில் ஒட்ட முடியாது. அங்கே கறுப்பனாக இருந்தவன் இங்கே சாதி என்னவென்று படம் பேசாத ஒரு சில்லறைத் திருடன். பிரெஞ்சுக்காரன் சொல்லை எடுத்துக்கொண்டு ஆளை விட்டான். நம்மவர்கள் சொல்லையும் விட்டார்கள், ஆளையும் விட்டார்கள்.

பாரியா என்ற சொல்லைப் பிரெஞ்சு அகராதியிலிருந்து நீக்கு என்று நான் கேட்கவில்லை. நீக்கினால் நாம் இருந்த தடமும் சேர்ந்து போகும். நான் கேட்பது வேறு. அந்தச் சொல்லை யார் எழுதினாலும், அதற்குப் பின்னால் இன்னும் ஒரு சேரி இருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களும் எழுதுகிறார்கள் என்று தெரிந்து எழுதட்டும். அதைவிட முக்கியமாக நம் மாணவர்கள் பிரெஞ்சு படிக்கட்டும், மார்க்குக்காக மட்டும் அல்ல. இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்' பிரெஞ்சுக்குப் போகட்டும், லாமின் செங்கோரின் கட்டுரை தமிழுக்கு வரட்டும். ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்தது போதும்.

சொல்தா தாத்தா செத்தபோது சாவு எடுக்கத் தப்பு அடித்தோம். பிரெஞ்சுக் கொடி போர்த்த ஆள் வந்திருந்தது. ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது என்று தடுக்க அங்கேயும் ஆள் நின்றது. நாங்கள் போனோம். இரண்டு மணி நேரம் வாய்ச்சண்டை போட்டுத்தான் போனோம். பிரேதத்துக்குப் பின்னால் நடந்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இந்த மனுசனைக் கடைசி வரைக்கும் 'முசியே' என்று கூப்பிட்டவன் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான். இங்கே ஒருத்தனும் 'ஐயா' என்று கூப்பிட்டதில்லை.